டாக்டரம்மாவின் தமிழ்

டாக்டரம்மா ஒரு வரி பேசினால் அக்கா ஒரு பத்தி பேசுவாள். டாக்டரம்மா ஒரு பத்தி பேசினால் சில சமயம் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வாள். பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இவள் மொழிபெயர்க்கிறாளா அல்லது தன் பாட்டுக்கு ஏதாவது சொல்லிவைக்கிறாளா என்று வெகுநாள் சந்தேகம் இருந்தது.

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டி இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அது. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் நான் சாத்தான்குளத்திலிருந்து வந்து அங்கே நர்ஸாகச் சேர்ந்தேன். அக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்ட அவளும் நர்ஸ்தான், எனக்கு முன்பே அங்கே இருந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். கடற்கரையில் பிறந்து, கான்வென்டில் ஐரிஷ் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். நல்ல கறுப்பு, நல்ல உயரம். பேசுவதற்கு முன் முந்தானையை ஒருதரம் உதறிச் செருகிக்கொள்வாள். அப்படிச் செருகினால் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

டாக்டரம்மா இங்கிலாந்தின் வடக்குப் பகுதிக்காரர். நல்ல வைத்தியர், ஆனால் நேராக ஒரு வாக்கியம் பேசத் தெரியாத மனுஷி. "நாக்கை நீட்டு", "எங்கே வலி", "பயப்படாதே" என்ற மூன்றும்தான் அவர் அறிந்த தமிழ். மற்றதெல்லாம் இங்கிலீஷ், அதுவும் புத்தகத்து இங்கிலீஷ் இல்லை. அவர் ஊரில் சந்தையிலும் அடுப்படியிலும் பேசுகிற இங்கிலீஷ். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்துவிட்டு வந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. சேர்ந்த புதிதில் ஒருநாள் காலையில் அவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டதற்கு "அண்டர் த வெதர்" என்றார். வானிலைக்கு அடியில் இருப்பதென்றால் என்ன என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, அக்கா ஆயாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "டாக்டரம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்லையாம். சுக்குத் தண்ணி வச்சுக் கொண்டாங்க."

புதிதாக ஏதாவது ஒரு தொடர் டாக்டரம்மா வாயிலிருந்து விழுந்தால் அக்காவுக்குக் கொண்டாட்டம். ரவுண்ட்ஸ் முடிகிற வரைக்கும் அடக்கிவைத்திருந்து, வராந்தாவில் பிடித்துக்கொள்வாள். அதற்கு என்ன பொருள், யார் யாரிடம் சொல்வார்கள், கோபமாகச் சொல்வதா, விளையாட்டாகச் சொல்வதா எல்லாம் விசாரித்தாக வேண்டும். டாக்டரம்மாவும் நின்று நிதானமாகச் சொல்வார். பிற்பகல் பாண்டேஜ் துணி சுருட்ட உட்காரும்போது அதை எங்கள் நடுவில் போடுவாள்.

"ஏளா, 'புல்லிங் மை லெக்'னு சொல்லுதாங்க. காலைப் பிடிச்சி இழுக்கிறது இல்லையாம். பொய்யச் சொல்லிக் கேலி பண்ணுறதாம். நாம என்னளா சொல்லுவோம்?"

"காதுல பூச்சுத்துறது" என்பாள் ஆயா.

"அதான். அவுகளுக்குக் கால், நமக்குக் காது." அன்றைக்கெல்லாம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அவளிடம் நான் கண்ட விசேஷம், ஆளைப் பார்த்துத்தான் தமிழைத் தேடுவாள். சங்கு குளிக்கிற ஒருவர் காதில் சீழோடு வந்தார். மருந்து போட்டு, கொஞ்ச காலத்துக்குக் கடலில் மூழ்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருந்தார். மனுஷன் மறுவாரமே குளிக்கப் போய்விட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில், மெல்லிய ஐஸ்கட்டி மேல் சறுக்கி விளையாடுவதாகச் சொல்லும் அவர்கள் ஊர்த் தொடரைச் சொல்லித் திட்டினார்.

அக்கா முந்தானையைச் செருகினாள். "அண்ணாச்சி, சுறா வாய்க்குள்ள கைய விட்டுப் பல்லு எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருக்கீரு. எப்ப மூடும்னு அதுக்குத்தான் தெரியும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் கடலுக்குப் போகவில்லை. அதற்குள் டாக்டரம்மாவுக்கு 'சுறா' என்ற சொல்லும் பழகியிருந்தது. "நான் ஐஸ் என்றல்லவா சொன்னேன், சுறா எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். "இந்த ஊரில் ஐஸ் மேல் நடக்க ஆள் இல்லை டாக்டர். சுறாவோடு நீந்தத்தான் ஆள் இருக்கிறது" என்று அக்கா இங்கிலீஷில் பதில் சொன்னாள்.

அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒருநாள் பார்த்தோம். எங்கள் பக்கத்துப் பனையேறி ஒருவரை விஷக்காய்ச்சலோடு வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் ஆபத்து முழுக்க நீங்கவில்லை. 'இன்னும் காட்டை விட்டு வெளியே வரவில்லை' என்று டாக்டரம்மா சொன்னார். ஆபத்திலிருந்து முழுதாக மீளவில்லை என்பதற்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அன்றைக்குப் பார்த்து அக்கா பிரசவ வார்டில் இருந்தாள். கம்பவுண்டர் நல்ல மனுஷர், அவசரப்பட்டு உதவிக்கு வந்தார். சொன்னதைச் சொன்னபடியே தமிழில் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் காடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுடுகாடு.

நோயாளியின் மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அண்ணன்காரர் உடனே மாட்டைப் பூட்டப் போய்விட்டார். "உசிரு போறது ஊர்லயே போவட்டும். எடுங்கலே கட்டில!"

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. அப்படியே போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. தம்பி மரத்துல இருந்து இறங்கிக்கிட்டு இருக்காரு. பாதி மரம் இறங்கியாச்சி. கால் இன்னும் தரையில படல, அவ்வளவுதான். இறங்குற ஆளைக் கீழ நின்னு சத்தம் போட்டுப் பதற வைக்கலாமா?"

அந்த மனுஷர் மாட்டை அவிழ்த்துக் கட்டினார். தம்பி பிழைத்து நடந்து போனார்.

அக்காவின் வீட்டுக்காரர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணி ஒன்றில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். சிரிப்பு மாறாத ஆள். கடலிலிருந்து திரும்பினால் ஆஸ்பத்திரி வாசலில் பிஸ்கட் டப்பாவோடு வந்து நிற்பார். வீட்டில் அக்கா பேச்சே வேறு. நேருக்கு நேர், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "ஊரே இவ வாய்க்குப் பூ வைக்குது. எனக்கு மட்டும் சாட்டைதான் பாத்துக்கிடு" என்று என்னிடம் புகார் சொல்வார்.

"உங்களுக்கென்ன காய்ச்சலா, ஜன்னியா? நல்லாத்தானே இருக்கீய. பின்ன எதுக்குப் பூசி மெழுகணும்?" என்பாள் அக்கா.

அந்தப் பூசி மெழுகுதல் வேடிக்கையாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன்.

நல்லதைச் சொல்லும்போது அக்கா பெரிதாக்கிச் சொல்வாள். கெட்டதைச் சொல்லும்போது எப்படியாவது சின்னதாக்கிவிடுவாள். எதிரே ஒரு முகம் கலங்கினால் அவளால் தாங்க முடியாது. இங்கிலீஷ்காரர்களின் இந்தத் தொடர்கள் அதற்கு வாகாக அமைந்தன. ஒரு விஷயத்தை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்வதுதானே அவற்றின் வேலை. அந்தச் சுற்றுக்குள் எங்கேயாவது நம்பிக்கைக்கு இடம் கண்டுபிடித்துவிடுவாள்.

உப்பளத்தில் வேலை செய்த ஒருவரின் மனைவி பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்டு கிடந்தாள். சின்னப் பெண். டாக்டரம்மாவும் செய்ய வேண்டியதெல்லாம் செய்து பார்த்தார். ஒரு காலை நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்லி எ மேட்டர் ஆஃப் டைம் நௌ" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இனி எப்போது வேண்டுமானாலும் முடிந்துவிடும் என்று அர்த்தம். எனக்கே புரிந்தது. அக்காவுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

புருஷன்காரன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் இரண்டும் வெடித்திருந்தன. அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"கொஞ்சம் நேரம் ஆகும்னு சொல்லுதாங்க" என்றாள் அக்கா.

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப நான் போயி மூத்தவளக் கூட்டிட்டு வந்துரட்டுமாம்மா? ஸ்ரீவைகுண்டத்துல மாமியா வீட்ல இருக்கா. அம்மா அம்மான்னு அழுதுக்கிட்டு கெடக்காளாம்."

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு, "சீக்கிரம் போயிட்டு வாங்க" என்றாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாயங்காலம் அவன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மாவைப் பார்க்கப் போகிறது என்று அதற்குத் தலைசீவி ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்றிருந்து செய்தியைச் சொன்னாள். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டு, "நேரம் ஆவும்னுதானம்மா சொன்னிய?" என்று மட்டும் கேட்டான். ஏதோ தன் காதில்தான் தவறாக விழுந்துவிட்டதோ என்பதுபோல.

அக்கா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவனை உள்ளே அழைத்துப் போனாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை அவளே சொன்னாள். டாக்டரம்மா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நல்ல எண்ணத்தோடுதானே சொன்னாய் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். அது அவளுக்குப் போதவில்லை. பாண்டேஜ் சுருட்டுகிற இடத்தில் வந்து உட்கார்ந்தவள், துணியைத் தொடாமல் மடியில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்ல எண்ணந்தான். யாருக்கு நல்லது? அவன் அழுறத பாக்க எனக்குத் தெம்பில்ல. அதுக்காவ அவன் பொஞ்சாதிகிட்ட இருந்து அவனப் பிரிச்சி அனுப்பிட்டேன். கடைசியா ஒருவாய்த் தண்ணி குடுத்திருப்பான்லா."

நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "நீயும் பூசாதளா" என்றாள்.

அதற்குப் பிறகு அக்கா மாறிவிட்டாள் என்று சொன்னால் பாதிதான் சரி. சிரிப்பும் கேலியும் போகவில்லை. சுறாவும் பனைமரமும் அவள் பேச்சில் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் கெட்ட செய்தி என்றால் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டாள். முதலில் கேட்பவரை உட்காரச் சொல்வாள். ஸ்டூல் இல்லாவிட்டால் எங்கிருந்தாவது கொண்டுவரச் செய்வாள். தானும் பக்கத்தில் உட்காருவாள். பிறகு, உள்ளதை உள்ளபடி, சுருக்கமாகச் சொல்வாள். சொல்லிவிட்டு உடனே எழுந்து போகமாட்டாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலில் காத்துக்கொண்டிருந்தாலும் சரி. எங்களுக்கு அதனால் வேலை பிந்தும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் ஐப்பசி கடைசியில் கடல் கொந்தளித்தது. வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணிகளில் மற்றவை எங்கெங்கோ கரை பிடித்துச் செய்தி அனுப்பிவிட்டன. அக்காவின் வீட்டுக்காரர் போன தோணியைப் பற்றி மட்டும் தகவல் இல்லை.

அவருடைய அம்மா தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். வெள்ளைக்காரர்களுக்குத்தான் எந்தச் செய்தியும் முதலில் தெரியும் என்பது அவர் எண்ணம். கையில் ஜெபமாலையோடு பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அக்கா எப்போதும்போல வேலைக்கு வந்தாள். உதடு மட்டும் காய்ந்திருக்கும்.

ஒருநாள் முற்பகலில் துறைமுக அதிகாரியாயிருந்த துரை சைக்கிளில் வந்தார். டாக்டரம்மாவுக்குத் தெரிந்தவர், ஆள் விட்டுச் சொல்லாமல் தானே வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். டாக்டரம்மா, அக்கா, கம்பவுண்டர், நான் நாலு பேரும் அங்கே இருந்தோம். மாமியாரும் மரத்தடியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். துரை அக்காவைப் பார்த்து மெல்லச் சொன்னார். தோணியின் பாய்மரமும் தண்ணீர்ப் பீப்பாயும் மிதந்து வந்ததை ஒரு கப்பல் எடுத்திருக்கிறது. ஆட்கள் யாரும் அகப்படவில்லை. "ஐ ஆம் ஸாரி. ஷி இஸ் ஆஸ் குட் ஆஸ் லாஸ்ட்."

'ஷி' என்று அவர் சொன்னது தோணியை. அது போனது போனதுதான், போனதற்குச் சமம் என்று பொருள். அந்த வாக்கியத்தில் மாமியாருக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று இருந்தது.

"குட்டுன்னு சொல்லுதாரே!" மாமியார் துரையின் சட்டைக் கையையே பிடித்துவிட்டார். "குட்டுன்னா நல்லதுதானே? எம் மவன் நல்லா இருக்கான்னுதானே சொல்லுதாரு? மாதாவே, எந் தாயே!"

துரைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கிழவி முகத்தில் வந்த சிரிப்பு புரிந்தது. பதறிப்போய் டாக்டரம்மாவைப் பார்த்தார். கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா அக்காவின் தோளைத் தொட்டு, இதை நீ சொல்ல வேண்டாம், கம்பவுண்டர் சொல்லட்டும் என்றார்.

"இல்லை, நானே சொல்லுகிறேன்" என்றாள் அக்கா.

மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் பெஞ்சில் உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமி, அந்தக் குட் நல்லதுங்கிற குட் இல்ல."

"பின்ன?"

"போனதுக்குச் சமம்னு சொல்லுதாரு. பாய்மரம் கெடச்சிருக்கு, தண்ணிப் பீப்பா கெடச்சிருக்கு. ஆளு யாரும் கெடைக்கல. இனிமே கெடைக்க மாட்டாங்க மாமி."

மாமியார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அது வரட்டும் என்று காத்திருப்பவர்போல. பிறகு கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"நீ வாரவுக போறவுக எல்லாருக்கும் எதமாச் சொல்லுவியேளா. எனக்கும் அப்படி ஒண்ணு சொல்லேன்."

"சொல்லலாம் மாமி." அக்காவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "சொன்னா நாளைக்கும் நீங்க அந்த மரத்தடியில வந்து உக்காந்திருப்பிய. நாளைக் கழிச்சும் உக்காந்திருப்பிய. நான் உள்ள நின்னு அதப் பாத்துக்கிட்டே இருக்கணும். என்னால ஏலாது மாமி."

கிழவி அவளைக் கட்டிக்கொண்டு அலறின அலறலில் வார்டுக்குள்ளிருந்த நோயாளிகள் எழுந்து வந்துவிட்டார்கள். துரை தொப்பியைப் போட்டுக்கொள்ள மறந்து, சைக்கிளையும் தள்ளிக்கொண்டே போனார்.

உடல் இல்லாமலே மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். அதன் பிறகு மாமியார் தனியாக இருக்க வேண்டாமென்று அக்கா அவரை நர்ஸ்களின் குடியிருப்புக்கே கூட்டிவந்துவிட்டாள். கிழவி எங்கள் குசினியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அவர் மீன் குழம்புக்கு நாங்கள் எல்லோரும் அடிமையானோம். துக்கம் இருந்தது. அதனூடே அவருக்கு ஒரு வழக்கமும் வந்து சேர்ந்தது. யார் இங்கிலீஷில் 'குட்' என்று சொன்னாலும் கரண்டியோடு வாசலுக்கு வந்து, "ஏளா, இது எந்தக் குட்டு?" என்று மருமகளைக் கேட்பார். டாக்டரம்மா 'குட் மார்னிங்' சொன்னாலும் விசாரணை உண்டு. "இது நல்ல குட்டுதான் மாமி" என்று அக்கா சொன்ன பிறகுதான் பதிலுக்குக் கும்பிடுவார். முதல் தடவை அதைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காதான் முதலில் சிரித்தாள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் டாக்டரம்மா ஊருக்குக் கிளம்பினார். வயதாகிவிட்டது, உடம்பும் முன்போல இல்லை. ஆழக்கடலில் கப்பல் நின்றிருந்தது. அதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஜெட்டியில் லாஞ்சு காத்திருந்தது. வழியனுப்ப இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள், உப்பளத்துப் பெண்கள், கைப்பிள்ளைக்காரிகள், வண்டி கட்டிக்கொண்டு வந்த பனங்காட்டு ஜனங்கள் என்று ஜெட்டி நிறைந்துவிட்டது. ஏதாவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று கம்பவுண்டர் கேட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா ஒரு பெட்டி மேல் ஏறி நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார். "ஐ ஹாவ் எ லம்ப் இன் மை த்ரோட்" என்றார். அதற்கு மேல் குரல் வரவில்லை.

தொண்டையில் ஏதோ கட்டி என்று கம்பவுண்டருக்குப் பட்டிருக்க வேண்டும். முகத்தில் கவலை தெரிந்தது. கூட்டம் மொத்தமும் வழக்கம்போல அக்கா பக்கம் திரும்பியது. காற்றில் பறந்த முந்தானையை அவள் பிடித்துச் செருகிக்கொள்ளக்கூட இல்லை.

"அவுகளுக்கு அழுகை வருது" என்றாள். "எனக்கும் வருது."

டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தத் தமிழ் அவருக்கும் புரிந்திருந்தது. பெட்டியிலிருந்து இறங்கி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். லாஞ்சுக்காரர் இரண்டு தரம் மணியடித்தும் கையை விடவில்லை.